ஐம்பதில் வளைந்தவர்கள்

சர்க்கஸ் கூடாரத்தில் ஒற்றைச் சக்கர வண்டியின்மீது அமர்ந்து, இரு கைகளையும் விரித்தபடி அரங்கைச் சுற்றிவரும் கலைஞரை நாம் கண்டிருக்கிறோம். வியப்போடு கை தட்டுகிறோம், உடனே, “இதெல்லாம் இளமையில் பழக வேண்டிய வித்தை, இனி நமக்கு ஏது?” என்று எண்ணிக்கொள்கிறோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழியும் அவ்வெண்ணத்திற்குத் துணை நிற்கிறது. ஆனால், சக்கரத்தின்மீது மனிதன் ஏறிய வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின், அது வேறொரு செய்தியை நமக்குக் கூறுகிறது.

1817-ம் ஆண்டு ஜூன் மாதம் 12-ம் நாள், ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர், தாம் இயற்றிய இருசக்கர மரவண்டியில் முதன்முறையாகச் சாலையில் சென்றார். மிதிகட்டை இல்லாத அவ்வண்டியைக் கால்களால் தரையை உந்தியே செலுத்த வேண்டும். அப்பொழுது டிரைஸுக்கு வயது 32. ஈராண்டுகளில் அவ்வண்டி லண்டன் மாநகரை எட்டியது. அங்கே டெனிஸ் ஜான்சன் என்னும் வண்டித் தொழிலாளர் அதனைத் திருத்திச் செய்து விற்றதோடு, 1819-ல் அதனை ஓட்டப் பழக்கும் பள்ளியையும் நிறுவினார். அப்பள்ளிக்கு வந்த மாணாக்கர் யாவர்? வளர்ந்து, செல்வமும் பெற்ற கனவான்களே! புதுமையான அவ்வண்டியைச் சிறுவயதில் பழகியவர் எவருமே இலர். எல்லோரும் தொடக்க மாணாக்கராய் இருந்த இடத்தில், தெரியாமை இழிவாகத் தோன்றவில்லை.

1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தின் அச்சிலேயே மிதிகட்டைகளைப் பொருத்தினர். வேகம் வேண்டி முன்சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே செல்ல, 1870-களில் அது மார்பளவு உயர்ந்தது. பின்சக்கரமோ சிறுத்துப் போயிற்று. சிறு கல் தடுத்தாலும் பின்சக்கரம் மேலெழும்பி, ஏறியவர் தலைகுப்புற வீழ்வார். எனினும், அந்த ஆபத்திலேயே ஒரு வித்தையும் ஒளிந்திருந்தது. பின்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தியபடியே செல்லலாம் என்பதைக் கைதேர்ந்தவர் கண்டனர். ஒற்றைச் சக்கர வண்டி பிறந்தது இவ்வாறே என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

இன்றும் அவ்வண்டியில் மிதிகட்டைகள் சக்கரத்தின் அச்சோடு நேரே பிணைந்துள்ளன. கால் நின்றால் சக்கரமும் நிற்கும். சைக்கிளில் இடமோ வலமோ சாயும் அச்சம் மட்டுமே. இதிலோ முன்னும் பின்னும் சாயும் அச்சமும் உண்டு. உடல் முன்னே சாய்ந்தால் விரைந்து மிதித்துச் சக்கரத்தை உடலின் கீழே கொணர வேண்டும். ஆதலின் புதிதாய்ப் பழகுவோர் சுவரையோ பிறர் தோளையோ பற்றிக்கொண்டே தொடங்குகின்றனர். குனிந்து சக்கரத்தை நோக்குவோர் வீழ்வர். நிமிர்ந்து தொலைவை நோக்குவோர் நிலைப்பர்.

முதிர்ந்த வயதில் சக்கரத்தோடு மல்லாடியோருள் புகழ்பெற்றவர் பலர் உளர். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின், 1884-ல் தமது 48-ம் வயதில், ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொண்டு அந்த உயர்ந்த சக்கர வண்டியைப் பழகினார். தாம் வீழ்ந்த கதையை நகைச்சுவையோடு எழுதியும் வைத்தார். ருஷ்யப் பேரறிஞர் டால்ஸ்டாய், 1895-ல் தம் இளைய மகனைப் பறிகொடுத்த துயரின் பின்னர், 66 வயதில் மாஸ்கோவில் சைக்கிள் பழகினார்.

இவர்களைவிட நமக்கு அதிகம் கற்பிப்பவர், அமெரிக்க மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவி பிரான்சஸ் வில்லார்ட் அம்மையார். தாயை இழந்து, உடலும் நலிந்திருந்த நிலையில், 53-ம் வயதில் அவர் சைக்கிளில் ஏறினார். முதலில் மூன்று இளைஞர் வண்டியைப் பிடித்துக்கொண்டனர். நாள்தோறும் ஏறத்தாழ 15 நிமிடமாக மூன்று மாதம் பழகினார். மிதித்தல், திரும்புதல், இறங்குதல் ஆகியவற்றின் பின்னரே தாமாக ஏறுதல் அவருக்குக் கைவந்தது. மொத்தம் 22 மணி நேரம் என்று அவரே கணக்கிட்டு, 1895-ல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். ஐம்பதில் வளைவதற்கு ஆகும் விலை அவ்வளவே!

பிற்காலத்தில் சிறுவர்க்கேற்ற சைக்கிள்கள் பெருகவே, வளர்ந்தபின் பழகுவோரைக் கண்டு நகைக்கும் வழக்கம் வந்தது. அந்த நகைப்பை வென்றவர்களை நம் தமிழகத்திலேயே காணலாம். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. கல் குவாரியிலும் வயலிலும் உழைத்த பெண்கள், ஊரார் ஏளனத்தைப் பொருட்படுத்தாது பழகினர். கற்றவர் பிறருக்குக் கற்பித்தனர். பெண்களுக்குரிய சைக்கிள் கிட்டாதபோது, ஆண்கள் சைக்கிளையே ஓட்டினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதனையே விரும்பியவரும் உண்டு. 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் அணிவகுத்துச் சென்றனர். அதன்பின் தண்ணீர் கொணரவும் சந்தைக்குச் செல்லவும் பேருந்துக்கோ ஆடவர்க்கோ காத்திருக்க வேண்டிய நிலை அவர்களுக்குக் குறைந்தது.

ஆகவே, முதியவரைத் தடுப்பது உடலின் முதுமை மட்டும் அன்று. பிறர் நகைப்பரே என்னும் நாணமும் ஆகும். தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம் இதனை நன்கு அறிவோம். நாற்பது வயதில் கடைத்தெருவில் நின்று, புதுமொழியில் காய்கறி விலை கேட்டுத் தடுமாறிய நாளை யார் மறப்பார்? நகைத்தவரை மறந்துவிட்டோம், திருத்திச் சொல்லித் தந்தவரை மறக்கவில்லை. சக்கரம் பழகுவோர்க்கும் வேண்டுவன அவையே: பற்றிக்கொள்ள ஒரு தோள், வீழ்ந்தால் மீண்டும் எழும் துணிவு, நாள்தோறும் கால் மணி நேரம். ஐந்தில் வளையாதது ஐம்பதிலும் வளையும். அருகில் நிற்போர் நகையாதிருந்தால், இன்னும் எளிதில் வளையும்.