தையா தையா: ஒரு பாட்டின் மேல் அர்த்தம் ஏறிய கதை

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் காலை ஏழு மணிக்கு ஊட்டி ரயிலுக்காக நிற்பவர்களில் யார் முதல் தடவை வந்தவர் என்று சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். இஞ்சினோடு போட்டோ எடுக்க வண்டியின் முன்பக்கம் போவார்கள். அங்கே இஞ்சின் இருக்காது. மலையேறும் வண்டியை இஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். அசடு வழியத் திரும்பி வரும் கூட்டத்தில் யாராவது ஒருவர் வாயில் அந்தப் பாட்டு முணுமுணுப்பாக வந்துவிடும்: தையா தையா.

எங்கள் ஊர் ரயிலை உலகத்துக்குக் காட்டிய பாட்டு அது. 1998 ஆகஸ்டில் வந்த மணிரத்னத்தின் 'தில் சே', தமிழில் 'உயிரே'. கதாநாயகன் ராத்திரி ஒரு ஸ்டேஷனில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். டீ வாங்கி வருவதற்குள் அவள் ரயிலேறிப் போய்விடுகிறாள். அடுத்த காட்சியில் அவன் பட்டப்பகலில் ஒரு மலை ரயிலின் கூரை மேல் ஆடிக்கொண்டிருக்கிறான். கதை நடப்பது வடகிழக்கில், ரயில் ஓடுவது நீலகிரியில். கூட ஆடுகிறவளும் அந்தப் பெண் இல்லை, வேறு யாரோ.

இத்தனை இடைவெளி விட்டால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஆடுகிறவள் அவன் மனதுக்குள் இருக்கும் அந்தப் பெண்ணேதான் என்றார்கள். அவனுடைய சிவப்புச் சட்டை படத்தின் கடைசிக் காட்சிக்கு முன்னறிவிப்பு என்றார்கள். குகை மரணம், பாலம் காதல் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. அரபு மரபில் காதலுக்கு ஏழு படிகள்: ஈர்ப்பு, மயக்கம், காதல், பக்தி, வழிபாடு, பித்து, மரணம். படம் அந்த ஏழிலும் ஏறுகிறது, இந்தப் பாட்டு முதல் படி என்பது அந்த விளக்கம்.

ஏழு படியை நான் முழுக்கத் தள்ளவில்லை. 'சத்ரங்கி ரே' பாட்டில் அது தெளிவாகவே தெரிகிறது. ஆனால் பாட்டுக்கு ஒரு படி என்று பங்கு போட்டால் கணக்கு இடிக்கும். கேசட்டில் இருந்ததே ஆறு பாட்டு, அதிலும் ஒன்று இதே மெட்டின் மறுவடிவம்.

என் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். அவன் அனிமே பைத்தியம். "மாமா, இது பரவாயில்லைங்க. 'எவாஞ்சலியன்' ஓபனிங் பாருங்க" என்று போனை நீட்டினான். 1995 அக்டோபரில் ஜப்பானில் தொடங்கிய தொடர் அது. ஒன்றரை நிமிட முகப்புப் பாட்டில் யூத மறைஞானத்தின் பத்து வட்ட மரம், சிறகு, எழுத்து என்று படங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறைகின்றன. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து உலகம் முழுக்க ரசிகர்கள் உரை எழுதினார்கள். தொடரில் துணை இயக்குநராக இருந்த கசுயா ட்சுருமாக்கியோ, ராட்சத ரோபோ கதைகள் நிறைய வந்துகொண்டிருந்ததால் தங்களுடையது தனித்துத் தெரிய வேண்டும் என்று பார்த்ததாகவும், ஜப்பானில் கிறிஸ்தவம் அதிகம் பழக்கமில்லாததால் அந்தச் சின்னங்கள் மர்மமாக இருக்கும் என்று போட்டதாகவும் சொல்லிவிட்டார். முகப்புப் பாட்டை எழுதிய நெகோ ஒயிகாவா இன்னும் ஒரு படி மேல். முதல் இரண்டு பகுதிகளை வேகமாக ஓட்டிப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தவர் அவர்.

எங்கள் ரயில் பாட்டிலும் பாதிக் குறியீடுகள் இந்த வகைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். அதற்குள் 16 குகை, 250 பாலம், 208 வளைவு. இந்தப் பாதையில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு குறியீடு வந்து விழும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். இஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சத்தில் ஊர்ந்து போகும். மேலே கரண்ட் கம்பி கிடையாது. கூரை மேல் ஆட்டம் வைக்க இந்தியாவில் இதைவிடத் தோதான ரயில் எது?

ஆட்டம் ஃபரா கான், கேமரா சந்தோஷ் சிவன். நாலைந்து நாளில் எடுத்தார்கள். பின்னால் திரை கட்டி ஏமாற்றும் வேலை இல்லை, ஓடும் ரயிலின் மேலேயே ஆடினார்கள். கூட ஆடிய மலைக்கா அரோரா விழுந்துவிடாமல் இருக்க இடுப்பில் கயிறு போட்டு வண்டியோடு கட்டியிருந்தார்கள். கயிறு உரசிப் புண்ணானதைப் பல வருஷம் கழித்து அவரே சொன்னார். அந்த இடுப்பசைவுக்கும் எங்காவது ஒரு உட்பொருள் விளக்கம் இருக்கும்.

ஆக, அர்த்தமே இல்லையா? இருக்கிறது. ஆனால் சட்டை நிறத்தில் இல்லை, அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இசையமைத்த ஏ.ஆர்.ரஹ்மான் பஞ்சாபி பக்திப் பாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்க, பாடகர் சுக்விந்தர் சிங் கொண்டுவந்து கொடுத்தது புல்லே ஷாவின் 'தையா தையா'. புல்லே ஷா 1757-இல் மறைந்த சூஃபிக் கவி, இன்றைய பாகிஸ்தானில் உள்ள கசூர்க்காரர். அவர் சையது குலம். குருவாக ஏற்றுக்கொண்ட ஷா இனாயத்தோ தோட்டவேலை செய்யும் சாதி. வீட்டார் அதற்கே முகம் சுளித்தார்கள். பிறகு எதிலோ குருவுக்கும் சீடனுக்கும் மனவருத்தம் வந்து, குரு முகத்தைத் திருப்பிக்கொண்டார். புல்லே ஷா ஒரு நாட்டியக்காரியிடம் போய் ஆட்டம் கற்று, பெண் வேடம் கட்டி, குருவின் முன் ஆடி அவர் மனதை இளக்கினார் என்பது அங்கே வழங்கிவரும் கதை. தையா தையா அந்த ஆட்டத்தின் காலடிச் சத்தம்.

இந்திக்கு எழுதிய குல்சார் ஓசையைக் கொஞ்சம் திருப்பி 'சைய்யா' ஆக்கினார். அங்கே அது நிழல். காதலின் நிழலில் நடப்பவன் என்று பொருள் கனிந்தது. அந்த வருஷ ஃபிலிம்பேர் விருதும் அவருக்கு அந்தப் பாட்டுக்குத்தான் வந்தது. தமிழுக்கு எழுதிய வைரமுத்து நிழலைத் தேடிப் போகவில்லை, 'தையா'வையே வைத்துக்கொண்டார். நம்மூரில் பரதம் கற்கப் போகும் குழந்தைக்கு முதல் நாள் தட்டடவில் சொல்லிக் கொடுப்பது 'தெய்யா தெய்'. எனவே டப்பிங் பாட்டு என்று நாம் கொஞ்சம் இளப்பமாகப் பார்க்கும் தமிழ் வடிவம்தான் புல்லே ஷாவின் காலடிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது என் கட்சி. போனவளைத் திரும்ப வரவழைக்க முடியாதவன் ரயில் கூரையில் ஏறி ஆடுகிறான். குருவைத் திரும்ப வரவழைக்க ஒருவர் வேடம் கட்டி ஆடினார். படம் எடுத்தவர்கள் இதை நினைத்து எடுத்தார்களோ இல்லையோ, சொல் அதைத் தன்னோடு கொண்டுவந்துவிட்டது.

பாட்டு பிறகு நியூயார்க்கும் போனது. 2006-இல் ஸ்பைக் லீ எடுத்த 'இன்சைட் மேன்' ஒரு வங்கிக் கொள்ளைக் கதை. கொள்ளையன் நம்மைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசி முடிக்கிறான், உடனே எழுத்து ஓடத் தொடங்குகிறது, பின்னால் சைய்யா சைய்யா. எதற்கு என்று அங்கேயும் விளக்கம் கிளம்பியது. வங்கியில் வேலை செய்யும் சீக்கியரின் தலைப்பாகையைப் போலீஸ் பிடுங்கும் காட்சி பின்னால் வருகிறது, அதற்கான முன்னறிவிப்பு என்று ஒரு கட்சி. பல தேசத்து ஜனம் கலந்த ஊருக்குப் பல தேசத்துப் பாட்டு என்று இன்னொன்று.

இங்கே பாக்கு மண்டியில் இருக்கும் என் சிநேகிதரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அதெல்லாம் இருக்கட்டுங்க. எஞ்சினு பின்னாடி இருக்கறத அவிங்க யாராவது கவனிச்சாங்ளா?" என்றார்.

ஊட்டி ரயில் காலை 7.10-க்குக் கிளம்புகிறது. பாட்டு ஞாபகத்தில் யாரும் மேலே ஏறிவிட வேண்டாம். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 156-இன்படி, இறங்கச் சொல்லியும் கேட்காமல் கூரையில் பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.