டிக் டிக் டிக்: பழைய காரின் பெட்ரோல் பம்ப் பேசுகிறது!

பி.காம். படிக்கிறவனுக்குக் கார் பம்பில் என்ன வேலை என்கிறீர்களா? செலவைக் குறைக்கிற விஷயம்தான், படியுங்கள்.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் பம்பே கிடையாது. சீட்டுக்கு அடியில் டேங்க். பெட்ரோல் தானாக இறங்கி வரவேண்டும். பெட்ரோல் குறைந்திருந்தால் செங்குத்தான மேட்டில் ரிவர்ஸில்தான் ஏறவேண்டும்! டேங்க் காரின் பின்பக்கம் போனபிறகு பெட்ரோலை இழுத்துத் தள்ள ஒரு கருவி தேவைப்பட்டது.

இங்கிலாந்தில் அதற்கு எஸ்.யூ. நிறுவனம் மின்சார பம்ப் செய்தது. ஸ்கின்னர் சகோதரர்கள் தொடங்கிய இந்த நிறுவனத்தை 1926-ல் மோரிஸ் வாங்கினார். 1948-ல் வந்த மோரிஸ் மைனரிலும் இந்த பம்ப்தான்.

உள்ளே மின்காந்தம் ஒரு சவ்வை இழுக்கும். உடனே பாயிண்ட் விலகி மின்சாரம் நிற்கும். ஸ்பிரிங் சவ்வைத் திருப்பித் தள்ளும். ஒவ்வொரு தடவையும் ஒரு 'டிக்'. கார்புரேட்டர் நிறைந்ததும் சத்தம் நின்றுவிடும்.

ஆக, சாவியைத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் கேளுங்கள்:

* சில டிக், பிறகு அமைதி: பம்ப் நலம்.
* நிற்காமல் படபடவென்று: டேங்க் காலி, அல்லது டேங்க் பக்கத்துக் குழாயில் காற்று நுழைகிறது.
* சில விநாடிக்கு ஒரு டிக்: பெட்ரோல் எங்கோ கசிகிறது, அல்லது பம்பின் வால்வோ கார்புரேட்டர் ஊசியோ சரியாக மூடவில்லை.
* சத்தமே இல்லை, பெட்ரோலும் வரவில்லை: முதலில் வயரையும் பாயிண்டையும் பாருங்கள்.

மூன்றாவதை அலட்சியம் செய்யாதீர்கள். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் காரே எரிந்துபோகும். மற்றபடி, சத்தம் வந்ததற்காகவே புது பம்ப் வாங்க ஓடாதீர்கள். அது சத்தம் போடத்தான் செய்யும்!