செயற்கை நகமும் இயற்கை நகப் பாதுகாப்பும்: ஒசூர் – கிருஷ்ணகிரி எல்லைத் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மருதாணியால் நகத்திற்கு நிறமூட்டிய நெடிய மரபு, நகத்தின்மேல் நெகிழியால் மற்றொரு நகம் அமைக்கும் இக்கால முறையாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கைத்திறனை நம்பி வாழும் பெண் தொழிலாளர் மிகுந்த ஒசூர் – கிருஷ்ணகிரி வட்டாரம் இதற்குப் பின்புலமாகக் கொள்ளப்படுகிறது. இயற்கை நகத்தின் சிதைவுக்கு ஒட்டும் பொருள் மட்டுமன்றி, ஒட்டும் முறையும் அகற்றும் முறையும் காரணங்களாகின்றன என்பதும், பாதுகாப்பு நெறிகள் பாதிப்புக்குப் பின்னரே உருப்பெற்றன என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: செயற்கை நகம், மருதாணி, அக்ரிலேட் ஒவ்வாமை, ஒசூர், பெண் தொழிலாளர், ஒப்பனை வரலாறு.

முன்னுரை

பிரிக்க இயலாத உறவை ‘நகமும் சதையும் போல’ என்று கூறுவது தமிழர் வழக்கு. அவ்விணைப்பைக் குலைக்காமல் நகத்தை அழகுபடுத்துவது எங்ஙனம் என்பதே நக ஒப்பனை வரலாற்றின் மையச் சிக்கலாகும். கண்ணுக்குப் புலப்படும் நகத்தட்டு, கெரட்டின் என்னும் புரதம் செறிந்த உயிரற்ற அணுக்களின் அடுக்கு. அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புடையது. கைவிரலில் மாதத்திற்கு 3 மில்லிமீட்டர் அளவே வளர்வது. ஆகவே, ஒரு நகம் முற்றிலும் சிதைந்தால் புதிய நகம் முழுமையாக வளர ஏறத்தாழ 6 மாதங்கள் ஆகும். ஒப்பனைக்கு ஒரு மணி நேரம் போதும்; அதனால் நேர்ந்த பிழையைத் திருத்த அரையாண்டு வேண்டும். இவ்வேறுபாட்டை மனங்கொண்டே பின்வரும் வரலாறு நோக்கப்பட வேண்டும்.

வட்டாரத்தின் பின்புலம்

பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்தது ஒசூர். 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம், அதாவது சிப்காட், இங்கு அமைத்த தொழில் வளாகம் வேளாண் ஊரைத் தொழில் நகராக மாற்றியது. வாகன உற்பத்தி ஆலைகள் முதலில் வேரூன்றின. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் நிறுவிய டைட்டன் நிறுவனத்தின் கடிகார ஆலை, நுண்ணிய கைவேலைக்கான களத்தைத் திறந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. அண்மை ஆண்டுகளில் மின்னணுப் பொருத்துதல் ஆலைகளும் மின் இருசக்கர வாகன ஆலையும் இளம்பெண்களைப் பெருந்தொகையில் பணிக்கு ஈர்த்துள்ளன.

இம்மாற்றம் இருவகை விளைவுகளை உடையது. ஒன்று, பெண்ணின் கையில் சொந்த ஊதியம் சேர்ந்தது. பெருநகரின் அழகுக்கலைப் போக்குகள் அவளுக்கு எட்டும் தொலைவில் இருந்தன. மற்றொன்று, அவளுடைய விரல்நுனியே அவளது தொழிற்கருவியாயிற்று. நகப் பாதுகாப்பு இங்கு அழகுணர்ச்சியோடு மட்டும் நின்றுவிடாமல் வாழ்வாதாரத்தோடும் பிணைந்திருப்பது இதனாலேயாம்.

மருதாணி மரபு

தமிழில் மருதோன்றி, அழவணம் எனவும் வழங்கும் மருதாணி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் இவ்வட்டாரத்தில் மும்மொழியினர்க்கும் பொதுவான நக ஒப்பனைப் பொருள். தெலுங்கில் இது ‘கோரிண்ட்டாக்கு’ எனப்படுகிறது. அம்மொழியில் ‘கோரு’ என்பது நகத்தைக் குறிக்கும் சொல். இவ்விரண்டன் ஒலியொப்புமை கருதத்தக்கது. ஆடி மாதத்தில் இலையை அரைத்து விரல்நுனியில் தொப்பி போல் வைக்கும் வழக்கம் இல்லந்தோறும் பெண்களிடையே கைமாறி வந்த அறிவாகும்.

இலையிலுள்ள லாசோன் என்னும் நிறமி கெரட்டினோடு பிணைந்து நகத்தட்டிலேயே தங்கிவிடுகிறது. நகத்தை அராவ வேண்டியதில்லை, பசை வேண்டியதில்லை, அகற்றும் கரைப்பானும் வேண்டியதில்லை. நகம் வளர வளர, நிறம் நுனி நோக்கி நகர்ந்து வெட்டப்படும். மருதாணியின் பாதுகாப்புத் தன்மைக்கு அது இலை என்பது மட்டுமே காரணமன்று. ஒட்டுதலும் பெயர்த்தலும் அற்ற முறையே முதன்மைக் காரணம். விரைவில் கருநிறம் தருவதற்காகப் பாராபினைலீன்டைஅமீன் என்னும் சாயம் கலந்து விற்கப்படும் ‘கறுப்பு மருதாணி’ கடும் தோல் ஒவ்வாமையை விளைவிப்பது இதற்கு எதிர்ச்சான்றாகும். மரபுப் பெயர் மட்டுமே காப்பாகிவிடாது.

பூச்சிலிருந்து பொய்நகம் வரை

இருபதாம் நூற்றாண்டின் நகப்பூச்சு, தொழிற்சாலை வேதியியலின் குழந்தை. 1920களில் மோட்டார் வாகனங்களுக்குப் பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் அரக்கும் நகப்பூச்சும் ஒரே வகையைச் சார்ந்தவை. 1952இல் டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனத்தின் துணை நிறுவனமாக லக்மே தொடங்கப்பட்டபின், உள்நாட்டு ஒப்பனைப் பொருள்கள் இந்திய நடுத்தரக் குடும்பங்களில் பரவலாயின.

செயற்கை நகத்தின் தோற்றமோ பல் மருத்துவத்தோடு தொடர்புடையது. 1930களின் பிற்பகுதியில் செயற்கைப் பல்வரிசை அமைக்க அக்ரிலிக் நெகிழி புகுந்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் பிரெட் ஸ்லாக், 1950களின் நடுவில், உடைந்த தம் நகத்தைச் சீர்செய்ய அப்பொருளையே கையாண்டார் என்பது இத்துறையில் வழங்கும் வரலாறு. அக்ரிலிக் நகங்களால் நேர்ந்த தோல் அழற்சி, நக ஒவ்வாமை ஆகியவற்றைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகள் 1956, 1957ஆம் ஆண்டுகளிலேயே வெளிவந்துவிட்டன. எனினும், நடவடிக்கைக்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. மெத்தில் மெத்தாக்ரிலேட் கலந்த நகப் பொருள்களால் நகம் சிதைந்தமை, உருக்குலைந்தமை பற்றிய முறையீடுகளைத் தொடர்ந்து, 1970களில்தான் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் நீதிமன்றத்தை நாடியது, பொருள்கள் கைப்பற்றப்பட்டன. அதன்பின் எத்தில் மெத்தாக்ரிலேட் அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்தது.

1980களில் புற ஊதாக் கதிரால் இறுகும் ஜெல் நகங்கள் தோன்றின. கரைத்து அகற்றத்தக்க ஜெல் பூச்சு 2010 அளவில் உலகச் சந்தையில் பரவியது. ஹெமா எனப்படும் ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாக்ரிலேட் கலந்த நகப் பொருள்களைப் பயிற்சி பெற்ற தொழிலரே கையாள வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் விதித்தது. இறுகுதலைத் தூண்டும் டிபிஓ என்னும் சேர்மத்திற்கு அங்கு 2025 செப்டம்பர் 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. பொருள் முன்னே செல்ல, பாதிப்பு தொடர, நெறி இறுதியில் வந்துசேரும் வரிசை மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருப்பதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன.

சிதைவின் காரணங்களும் காப்பு நெறிகளும்

சிதைவு நான்கு நிலைகளில் நேர்கிறது. முதலாவது, முன்னேற்பாடு. பசை பற்றுவதற்காக நகத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும்போது, மின் அராவியின் மிகுவிசையால் நகத்தட்டு மெலிகிறது. மென்மையான கை அராவியால் பளபளப்பை மட்டும் நீக்குதல் போதுமானது. இரண்டாவது, பொருத்துதல். நகத்தின் அடித்தோலை வெட்டினாலோ பின்தள்ளிப் புண்படுத்தினாலோ நுண்ணுயிர்கள் புக வழியாகும், நகச்சுற்று தோன்றும். இறுகாத பொருள் சுற்றுத்தோலில் படாமல் சிறு இடைவெளி விட்டுப் பூசுதல் இன்றியமையாதது.

மூன்றாவது, அணிந்திருத்தல். நீண்ட செயற்கை நகம் எதிலேனும் மோதினால் நெம்புகோல் போல் இயற்கை நகத்தைப் படுக்கையிலிருந்து பெயர்க்கும். இடைவெளியில் ஈரம் தேங்கினால் சூடோமோனாஸ் நுண்ணுயிர் வளர்ந்து நகத்தைப் பசுமையாக்கும். மேலே மீண்டும் பூசி அதனை மறைத்தல் பெருந்தவறு. நான்காவது, அகற்றுதல். பல்லாலோ கூரிய கருவியாலோ பிய்த்தால் நகத்தட்டின் மேலடுக்குகளும் உடன் உரிந்துவரும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் மட்டும் வைத்துச் சுற்றி, இளகிய பின் நீக்கி, எண்ணெய் பூசுதலே தக்க முறை.

நகம் ‘மூச்சுவிட’ இடைவெளி வேண்டும் என்னும் பரவலான கருத்து சரியன்று. வளரும் நகத்திற்கு உயிர்வளியை அளிப்பது குருதியே. மெலிந்த பகுதி வளர்ந்து வெளியேறக் காலம் வேண்டும் என்பதே இடைவெளிக்கான உண்மைக் காரணம்.

தொழிலும் ஒவ்வாமையும்

இவ்வட்டாரத்திற்குத் தனிப்பொருள் தரும் செய்தி ஒன்றுண்டு. வாகனப் பொருத்துதலில் திருகுகளை இறுக்கிப் பிடிக்கும் பசைகளும், மின்னணுத் தொழிலில் புற ஊதாக் கதிரால் இறுகும் பசைகளும் பெரும்பாலும் அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் குடும்பத்தைச் சார்ந்தவையே. ஒரு சேர்மத்திற்கு ஒவ்வாமை கொண்ட உடல் அதன் உறவுச் சேர்மங்களுக்கும் ஒவ்வாமை காட்டக்கூடும்; ஒருமுறை தோன்றிய ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுதும் நீடிக்கும். இச்சேர்மங்கள் மெல்லிய இரப்பர்க் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவுவதால் கையுறையும் முழுக் காப்பாகாது. வார விடுமுறையில் முறையின்றிப் பூசப்பட்ட ஜெல் நகம், பொருத்துதல் வேலையிலிருந்தே ஒரு பெண்ணை விலக்கிவிடக்கூடும். பல் சிகிச்சையிலும் எலும்புச் சிமெண்டு பயன்படும் அறுவையிலும்கூட அவ்வொவ்வாமை தடையாகலாம். நாள்தோறும் இப்பொருள்களைக் கையாளும் நக ஒப்பனைப் பணியாளர்க்கு இடர் இன்னும் மிகுதி.

நோயாளரை நேரடியாகத் தொட்டுப் பணிபுரிவோர் செயற்கை நகம் அணியலாகாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2009ஆம் ஆண்டின் கைத்தூய்மை நெறிகளில் அறிவுறுத்தியது. அது நோயாளரைக் காக்கும் நெறி. தொழிலாளியின் விரலையே காக்கும் நோக்கில் அமைந்த நெறிகளும் இணையான முதன்மை பெறத்தக்கவை.

முடிவுரை

இந்தியாவில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளும் பொருளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றை நெறிப்படுத்துகின்றன. அப்பொருள் விரலில் எவ்வாறு இடப்படுகிறது, எவ்வாறு அகற்றப்படுகிறது என்பது அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது. சிதைவோ அவ்விடத்திலேயே பெரிதும் நிகழ்கிறது.

மருதாணிக்குரிய காப்பறிவு தாய்மொழியில், பாட்டியின் வாய்மொழியில், பொருளோடு உடன்வந்தது. செயற்கை நகமோ பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புகளோடு வந்தது. காப்பறிவு தமிழில் உடன்வரவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களின் அழகுக்கலைப் பாடத்திலும், ஆலைகளின் பணியிட நலப் பயிற்சியிலும், இவ்வட்டாரத்தின் மூன்று மொழிகளிலும் இவ்வறிவு இடம்பெற வேண்டும். விருப்பத்தைத் தடுப்பது இதன் நோக்கமன்று. கையால் உழைத்து ஈட்டிய ஊதியத்தில் ஒரு பெண் தன் கையை அழகுபடுத்திக்கொள்ளும்போது, அக்கை தன் தொழில்திறனை இழவாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம்.