நடுவீட்டுக்கு வந்த நாயும் அதன் குளிப்பும்



"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்..." என்று தொடங்கும் பழமொழியின் மிகுதியை நான் சொல்லத் தேவையில்லை. நாயைக் குளிப்பாட்டுவதும் நடுவீட்டில் வைப்பதும் யாரும் செய்யாத காரியங்கள் என்ற எண்ணத்தில் பிறந்த பேச்சு அது. ஊரில் நாய் வளவுக்குள் நின்றது. மழைதான் அதற்குக் குளிப்பு. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இன்று எம்மவர் வீடுகள் பலவற்றில் சின்ன நாய் நடுவீட்டில்தான் படுக்கிறது. வார இறுதியில் அதற்குக் குளிப்பும் உண்டு. தண்ணீரைக் கண்டதும் அது நடுங்குகிறது, திமிறுகிறது. வெளியே வந்ததும் உதறிவிட்டு வீடு முழுக்க ஓடுகிறது. நாங்களோ "நன்றி கெட்டது" என்று ஏசுகிறோம். இந்தக் குளிப்பு வந்த வரலாற்றைப் பார்த்தால், அந்த ஏச்சு பொருந்துமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இந்த நாட்டின் முதற் சிறிய நாயினம் அவுஸ்திரேலியன் ரெரியர். எலி பிடிக்கவும் பாம்பை விரட்டவும் வீட்டைக் காக்கவும் வளர்க்கப்பட்டது. 1887 இல் மெல்பேர்ணில் அதற்கென ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. அதன் மேல்மயிர் சொரசொரப்பானது. சேறு காய்ந்தால் தானாக உதிரும். ஆகையால் அடிக்கடி குளிப்பாட்டும் தேவை இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனை யோர்க்‌ஷயர் ரெரியருடன் கலந்து பட்டுப்போன்ற நீண்ட மயிருள்ள நாயை உருவாக்கினார்கள். சிட்னியில் பெருகியதால் "சிட்னி சில்க்கி" என்று பெயர் பெற்ற அந்த இனத்துக்கு, 1955 இல் அவுஸ்திரேலியன் சில்க்கி ரெரியர் என்ற பெயர் அதிகாரபூர்வமானது. பட்டு மயிர் அழுக்கைப் பிடிக்கும், சிக்குப் பிடிக்கும். அந்த மயிரைத் தேர்ந்தெடுத்தவன் மனிதன். குளிப்பும் அதனோடு சேர்ந்து வந்தது.

இரண்டாவது காரணம் தெள்ளும் உண்ணியும். சிட்னி உட்பட இந்நாட்டின் கிழக்குக் கரையோரத்தில் காணப்படும் ஒருவகை உண்ணி கடித்தால் நாயின் கால்கள் சோர்ந்து, மூச்சுத் தடைப்பட்டு, உயிரே போகலாம். எனவே பல தசாப்தங்களாக நாயின் குளிப்பு என்பது பூச்சிமருந்துக் குளிப்பாகவே இருந்தது. மருந்தின் நெடியும் கண்ணில் பட்டால் வரும் எரிவும் நாய்க்குத்தான். 1990களில் பிடரியில் சொட்டுவிடும் தெள்ளு மருந்துகளும், 2010களில் உண்ணியையும் கொல்லும் மெல்லு மாத்திரைகளும் வந்தபின் அந்தத் தேவை பெரிதும் குறைந்தது.

ஆனால் குளிப்பு நின்றுவிடவில்லை. வளவில் நின்ற நாய் கம்பளத்துக்கும் கட்டிலுக்கும் வந்துவிட்டது. மெல்பேர்ணில் 1982 இல் புல்வெட்டத் தொடங்கி, 1989 முதல் கிளைகளாகப் பரவிய ஜிம்ஸ் நிறுவனம் பின்னர் வீடு தேடிவந்து நாய் குளிப்பாட்டும் தொழிலிலும் இறங்கியது. 2020 மார்ச்சிலிருந்து விக்ரோரியாவில் வாடகை வீட்டில் செல்லப்பிராணி வளர்ப்பதை வீட்டுக்காரர் நியாயமின்றி மறுக்க முடியாது. அதே ஆண்டு ஒக்ரோபரில், சிட்னித் தொடர்மாடியொன்றில் வாழ்ந்த சின்ன நாய் பற்றிய வழக்கில், விலங்குகளை முற்றாகத் தடைசெய்யும் துணைவிதி செல்லாது என்று நியூ சவுத் வேல்ஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாய் சட்டப்படியே நடுவீட்டுக்கு வந்துவிட்டது!

சரி, அது ஏன் நடுங்குகிறது? இதற்கு ரஷ்யாவில் நடந்த ஒரு சம்பவம் உதவும். 1924 செப்டெம்பரில் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் வந்தது. விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுகூட நாய்கள் கூடுகளில் மூழ்கும் நிலையில் மீட்கப்பட்டன. அதன்பின் அவற்றுட் சில, முன்பு பழகிய பாடங்களை மறந்திருந்தன. அவை தேறிய பின்னர், கதவின்கீழ் கொஞ்சத் தண்ணீர் கசியவிட்டதுமே பழைய பீதி திரும்பியது. ஒருமுறை பட்ட பயத்தை நாய் எவ்வளவு காலம் சுமக்கிறது பாருங்கள். வழுக்கும் தொட்டியில் கால் ஊன்ற முடியாமல், முகத்தில் நீர் பாய்ச்சப்பட்ட குட்டி நாய்க்கும் அடுத்த குளிப்பு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதோடு உடல் சிறிதானால் சூடும் விரைவில் போய்விடும். ஆகவே நடுக்கம் பயத்தாலும் வரலாம், குளிராலும் வரலாம்.

உதறுவது வேறு விடயம். அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடல் சிறுக்கச் சிறுக்க உதறலின் வேகம் கூடுகிறது. கரடி செக்கனுக்கு ஏறக்குறைய 4 தடவை உதறினால், சுண்டெலி ஏறக்குறைய 30 தடவை உதறுகிறது. 2024 இல் ஹாவார்ட் ஆய்வாளர்கள், மெல்லிய தொடுகையை உணரும் ஒருவகை நரம்புகளே இந்த உதறலைத் தூண்டுகின்றன என்று எலிகளில் கண்டார்கள். ஈரத்தோடு குளிரில் நிற்கும் விலங்குக்கு அது உயிர்காக்கும் செயல். உங்கள் சட்டை நனைவது அதன் நோக்கமல்ல.

ஆகையால் நேயர்களே, தொட்டியில் ஒரு றப்பர் விரிப்புப் போடுங்கள். தண்ணீர் இளஞ்சூடாக இருக்கட்டும். காலிலிருந்து மெதுவாக நனைத்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மனிதருக்கான சவர்க்காரம் வேண்டாம். அதன் தோல் வேறு. முடிந்ததும் துவாயால் நன்றாகத் துடைத்து, ஒரு தின்பண்டம் கொடுங்கள். பிறகு அது ஓடினால் ஓடவிடுங்கள். குளிப்பைக் கேட்டது நாயல்ல, நாங்கள்தான்.