கைமாறும் கேஸ் கட்டு: காணாமல் போனவர் வழக்குகளில் மாநிலப் போலீஸும் மத்தியப் புலனாய்வும்

2012 மார்ச் 29, வியாழக்கிழமை. திருச்சி தில்லைநகரில் அதிகாலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய ராமஜெயம் வீடு திரும்பவில்லை. ஊரறிந்த தொழிலதிபர், அப்போது திமுகவின் முன்னாள் அமைச்சராக இருந்த கே.என். நேருவின் தம்பி. குடும்பத்தார் தேடத் தொடங்கியபோது அது ஆள் காணாமல் போன விவகாரம். அன்றைய தினமே, கல்லணை சாலையில் திருவளர்ச்சோலைக்குப் பக்கத்தில், காவிரிக் கரையோரம் அவர் உடல் கிடைத்தது. கை கால்கள் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. சில மணி நேரத்தில் தேடல் கொலை வழக்காகிவிட்டது.

பிறகு அந்த வழக்கு நான்கு கைகள் மாறியது. திருச்சி மாநகரப் போலீஸ், சிபிசிஐடி, சிபிஐ, நீதிமன்றம் அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு. மாநிலத்திலிருந்து மத்திய அமைப்புக்குப் போய், மறுபடி மாநில அதிகாரிகளின் கைக்கே திரும்பி வந்த வழக்கு இது. இந்த இழுபறி ஓர் ஊரின், ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் காவல் அமைப்பு வளர்ந்து வந்த விதம் அதற்குள் இருக்கிறது. அதைப் பின்தொடர்ந்து போனால், ‘யார் திறமையானவர், மாநிலமா மத்தியா’ என்ற வழக்கமான சண்டையைவிட முக்கியமான ஒன்று கண்ணில் படுகிறது: கேஸ் கட்டு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும் இடைவெளியில்தான் வழக்கு மெலிகிறது.

சென்னை மாகாணத்தில் காவல்துறைக்கு இன்றைய வடிவம் கிடைத்தது ஒரு வெட்கக்கேட்டின் விளைவாக. வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்த கொடுமையை 1855இல் சித்திரவதை விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. வரி தண்டும் வேலையும் காவல் வேலையும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்ற எண்ணத்தில் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் வந்தது. ஸ்டேஷன், இன்ஸ்பெக்டர், சூப்பரின்டெண்டென்ட் என்ற அடுக்கு அதிலிருந்து உருவானது. 1902-03இல் ஃபிரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷன் நாடெங்கும் ஆராய்ந்த பிறகு, மாகாணங்களில் குற்றப் புலனாய்வுத் துறை வந்தது, சென்னையில் 1906இல். உள்ளூர் ஸ்டேஷனால் முடியாததைத் தலைநகரத்து அதிகாரி வந்து பார்ப்பார் என்ற பழக்கத்தின் முதல் படி அதுதான். இன்றைய சிபிசிஐடி அந்த மரபில் வந்தது.

இரண்டாவது படி டெல்லியில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவக் கொள்முதலில் நடந்த லஞ்சத்தைப் பிடிக்க 1941இல் சிறப்புப் போலீஸ் படை ஒன்று அமைக்கப்பட்டது. 1946இல் அதற்கு டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம் என்ற அடித்தளம் கிடைத்தது. 1963 ஏப்ரல் 1 அன்று உள்துறை அமைச்சகத்தின் தீர்மானம் ஒன்றினால் சிபிஐ என்ற பெயர் வந்தது. பெயர் வைத்தது தீர்மானம், அதிகாரம் கொடுப்பது 1946ஆம் ஆண்டுச் சட்டம். இந்த இரட்டை நிலை எவ்வளவு நொய்மையானது என்பது 2013 நவம்பரில் தெரிந்தது. குவஹாத்தி உயர் நீதிமன்றம் சிபிஐயின் அமைப்பே சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. சில நாளிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

அரசமைப்புச் சட்டத்தில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மாநில அரசு இசைந்தால்தான் சிபிஐ அங்கே விசாரிக்க முடியும். இசைவு இல்லாதபோதும் உயர் நீதிமன்றம் வழக்கைச் சிபிஐக்கு மாற்றலாமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2010 பிப்ரவரியில் மேற்கு வங்க வழக்கில் தீர்த்தது. மாற்றலாம், ஆனால் அரிதாக, மிகுந்த கவனத்தோடு. தமிழ்நாடு அரசு 2023 ஜூன் மாதம் சிபிஐக்கான பொது இசைவைத் திரும்பப் பெற்றபோது அந்த ஐவர் தீர்ப்பின் எடை இன்னும் கூடிற்று. மாநில அரசு தானாகக் கொடுக்காத வரையில், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இருக்கும் வழி நீதிமன்றம் ஒன்றுதான்.

காணாமல் போனவரின் வழக்கு இந்தக் கட்டமைப்புக்குள் ஓர் அனாதையைப் போலவே இருந்து வந்திருக்கிறது. ஒருவர் வீடு திரும்பாதது தன்னளவில் குற்றமாகாது. அதனால் தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் ‘மேன் மிஸ்ஸிங்’, ‘கேர்ள் மிஸ்ஸிங்’ என்ற தலைப்பில் வழக்குப் பதிவதே நடைமுறையாக இருந்தது. தண்டனைச் சட்டப் பிரிவு எதுவும் இல்லாத அப்படிப்பட்ட பதிவில் அவசரம் எங்கிருந்து வரும்? ‘ரெண்டு நாள் பாருங்க, வந்துடுவாங்க’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பெற்றோர் எத்தனையோ பேர். இருபத்துநான்கு மணி நேரம் காத்திருந்த பிறகே புகார் கொடுக்க வேண்டும் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை. 2013 மே மாதம், காணாமல் போன குழந்தை பற்றிய புகார் எதுவானாலும் கடத்தலாகவோ ஆள் வணிகமாகவோ இருக்கக்கூடும் என்று கொண்டு முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்றது அரசமைப்பு அமர்வு. பெரியவர் ஒருவர் காணாமல் போனால் இன்றும் நிலைமை பாதி வெளிச்சம்தான்.

அமெரிக்காவில் இதே கேள்வி எழுந்து அதற்கு ஒரு விடையும் கிடைத்திருக்கிறது. 1932 மார்ச் 1 இரவு விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் கைக்குழந்தை நியூ ஜெர்சி வீட்டிலிருந்து கடத்தப்பட்டது. விசாரணையை மாநிலப் போலீஸ் கையில் வைத்திருந்தது. மத்தியப் புலனாய்வுக்கு அதில் நேரடி அதிகாரம் இல்லை. மே மாதம் குழந்தையின் உடல் கிடைத்தது. ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றம், மாநில எல்லை தாண்டும் ஆட்கடத்தலை மத்தியக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. யார் எப்போது உள்ளே வரலாம் என்பதற்கு அங்கே எழுதப்பட்ட விதி பிறந்தது. நம்மிடம் காணாமல் போனோர் வழக்குக்கு அப்படி ஒரு வாசல் விதி கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் வக்கீல் வைத்து அந்த வாசலைத் தட்ட வேண்டியிருக்கிறது.

திருச்சி வழக்குக்கு வருவோம். தில்லைநகர் மாநகரின் நெஞ்சுப் பகுதி. திருவளர்ச்சோலை ஆற்றுக்கு அப்பால், திருவானைக்காவலைத் தாண்டிக் கிழக்கே, ஸ்ரீரங்கம் தீவில் இருக்கிறது. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். கடத்தியவர்கள் அந்தக் காலை நேரத்தில் எந்தப் பாலம் வழியாகப் போயிருப்பார்கள், கல்லணை சாலையில் எந்த டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் உள்ளூர் காவலருக்குக் கைரேகை போலத் தெரிந்த விஷயங்கள். முதல் சில நாட்களில் அந்த அறிவுக்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

அறிவு இருந்தது; உள்ளூர் போலீஸின் மேல் நம்பிக்கைதான் இல்லை. 2011இல் ஆட்சி மாறி அதிமுக அரசு நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கம் அப்போது முதல்வர் ஜெயலலிதாவின் சொந்தத் தொகுதி. எதிர்க்கட்சிப் பிரமுகரின் தம்பி கொலையில் உள்ளூர் போலீஸ் எந்தப் பக்கம் போனாலும் அரசியல் சாயம் பூசப்படும் சூழல். மாநகரப் போலீஸின் தனிப்படைகள் விசாரித்தும் பலன் இல்லாமல் போக, அதே ஆண்டில் வழக்கு சிபிசிஐடிக்குப் போயிற்று. பிறகு வந்தவை ஆண்டுக் கணக்கில் மூடி முத்திரையிட்ட அறிக்கைகளும் கால அவகாச மனுக்களும். ராமஜெயத்தின் மனைவி சிபிஐ விசாரணை கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2017இல் வழக்கைச் சிபிஐக்கு மாற்ற நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கே கணக்கைப் பாருங்கள். சம்பவம் நடந்து ஐந்தரை ஆண்டுக்கும் மேலான பிறகு டெல்லி அமைப்பின் கைக்கு வழக்கு வருகிறது. அதற்குள் கைபேசிக் கோபுரப் பதிவுகளில் எடுக்காமல் விட்டவற்றை இனி எடுக்க முடியாது. சாட்சிகளின் நினைவு மங்கிவிட்டது. முதலில் விசாரித்த இன்ஸ்பெக்டர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள். புதிதாக வந்த அதிகாரி முந்தையவர்கள் எழுதி வைத்ததை வைத்தே தொடங்க வேண்டும். எழுதாமல் மனத்தில் வைத்திருந்தது கேஸ் கட்டில் வராது. முந்தைய குழுவுக்கோ, தன் வேலையைக் குறை சொல்ல வந்தவரிடம் மனம் திறந்து பேசத் தூண்டுதல் எதுவும் இல்லை. மத்திய, மாநிலப் புலனாய்வுக்கு இடையிலான உரசல் என்று பத்திரிகைகள் எழுதுவது பெரும்பாலும் இந்த மௌனத்தைத்தான். கூச்சல் போட்டுச் சண்டையிட்டால் கூட வெளியே தெரியும். மௌனம் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை.

சிபிஐயும் கொலையாளிகளைக் கண்டுபிடிக்கவில்லை. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. பாரதிதாசன், சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றை அமைத்தார். காவல் கண்காணிப்பாளர் ஜெயக்குமாரும் மாநில டிஎஸ்பி ஒருவரும் இருந்த அந்தக் குழுவில் சிபிஐ அதிகாரி ஒருவரும் இடம்பெற்றார். என் பார்வையில் இந்த வழக்கின் பத்தாண்டு வரலாற்றில் மிகப் புத்திசாலித்தனமான முடிவு இதுதான். யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியை விட்டுவிட்டு, இரண்டு அமைப்பின் ஆட்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது அந்த உத்தரவு. துப்புக் கொடுப்பவருக்கு 50 லட்சம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. கடத்தலுக்குப் பயன்பட்டதாகக் கருதப்பட்ட மாருதி வெர்சா ரக காரைத் தேடி, அந்த ரக வண்டிகளின் உரிமையாளர்களை விசாரித்தார்கள். 2023 ஜனவரியில் பன்னிரண்டு பேருக்குச் சென்னையில் உண்மை கண்டறியும் சோதனை நடந்தது. ஓடிப்போன ஒரு காரைப் பத்தாண்டு கழித்துத் தேடுவது என்றால் என்ன என்பதை யோசித்தால் நெஞ்சு கனக்கிறது. 2012 ஏப்ரலில் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இரு தரப்பும் சேர்ந்தால் நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டபோது, டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில் சிபிஐயின் சிறப்புக் குழு அமைந்தது. மாநிலப் போலீஸும் தமிழ்நாடு தடய அறிவியல் துறையும் அதன் கூடவே வேலை செய்தன. சம்பவ இடத்தில் கிடைத்த ஒரு கேமராவின் படச்சுருள்தான் அந்த வழக்கின் முதல் சாவி. ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

இடைவெளியின் ஆபத்தை நீதிமன்றமே உணர்ந்து செயல்பட்ட வேளை ஒன்றும் உண்டு. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். மாநில அரசு வழக்கைச் சிபிஐக்குக் கொடுப்பதாக அறிவித்தது. சிபிஐ வந்து சேரும்வரை தடயங்கள் என்னாகும் என்று கவலைப்பட்ட மதுரைக் கிளை, இடைக்காலத்தில் சிபிசிஐடி உடனே விசாரிக்க வேண்டும் என்று ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. அடுத்த ஓரிரு நாளில் போலீஸ்காரர்கள் கைதானார்கள். சில நாட்களே காத்திருந்தாலும் எவ்வளவு நழுவியிருக்கும் என்பது அந்த வேகத்திலிருந்து புரியும்.

பிற இடங்களிலும் தாமதத்தின் தடம் தெரிகிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 2016 அக்டோபரில் விடுதியிலிருந்து காணாமல் போனார்; 2017 மே மாதம் வழக்கு சிபிஐக்குப் போனது; மறு ஆண்டே அது வழக்கை முடித்துக்கொள்ள அறிக்கை கொடுத்தது. கேரளத்தில் 2018 மார்ச்சில் காணாமல் போன கல்லூரி மாணவியின் வழக்கு உள்ளூர் போலீஸ், கிரைம் பிராஞ்ச் வழியாக 2021இல் சிபிஐயை அடைந்தது. மகன் எங்கே, மகள் எங்கே என்ற கேள்விக்கு எந்த அமைப்பிடமிருந்தும் அந்த வீடுகளுக்கு விடை வரவில்லை.

காவிரி மணல் கொள்ளையை எதிர்த்துப் போராடிய முகிலன் 2019 பிப்ரவரி 15 இரவு எழும்பூரில் ரயில் ஏறிய பிறகு காணாமல் போனபோது, ஆட்கொணர்வு மனு நீதிமன்றத்தில் இருந்ததால் சிபிசிஐடி தொடர்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஜூலை 6 அன்று அவர் திருப்பதி ரயில் நிலையத்தில் ஆந்திர ரயில்வே போலீஸாரின் பிடியில் தென்பட்டார். அவர் இருக்குமிடத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது பக்கத்து மாநிலத்தின் ஒரு பிளாட்பாரம். தகவல் எந்தக் கொடியின் கீழ் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும்.

திருச்சி வழக்கின் சிறப்புக் குழுவிலும் பின்னர் அதிகாரிகள் மாறினார்கள். இனி வரும் வழக்குகளுக்காவது நீதிமன்றங்களும் அரசும் ஒன்று செய்யலாம்: விசாரணையை மாற்றும் உத்தரவிலேயே கேஸ் கட்டு ஒப்படைக்க வேண்டிய நாளைக் குறிப்பிடட்டும், அந்த நாள் வரைக்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதட்டும், முதலில் விசாரித்த அதிகாரி ஒருவரைப் புதுக் குழுவோடு இருக்கச் செய்யட்டும். சாத்தான்குளம் வழக்கில் மதுரைக் கிளை இதில் ஒரு பகுதியைச் செய்து காட்டியிருக்கிறது. ராமஜெயம் கொல்லப்பட்டுப் பத்தாண்டுகள் கடந்தும் அந்த வழக்கில் கொலையாளி இன்னார் என்று எந்த அமைப்பாலும் நிறுவ முடியவில்லை.