எட்டாத கரும்பலகை

1874ஆம் ஆண்டிலே நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் வந்தது. மலைநாட்டின் தொலைவு குறைந்தது. 2020 மார்ச்சிலே கொரோனா நோயினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அத்தொலைவு மீண்டும் நீண்டது.

ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் வாட்ஸ்அப் வழியே பாடங்களை அனுப்பினர். தேசியத் தொலைக்காட்சி ‘குருகெதர’ நிகழ்ச்சியை நேத்ரா அலைவரிசையில் தமிழிலும் ஒளிபரப்பிற்று. ஆயினும், தோட்டத்து லயங்களிற் பலவற்றில் வீட்டுக்கு ஒரு கைப்பேசியே உண்டு. அது காலையிலே தந்தையின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும். பிள்ளைக்குப் பாடம் கிட்டுவது இரவில். ஆசிரியரின் வேலைநேரமும் இரவுக்கு மாறிற்று.

2021 ஜூலையில், சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரி, ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலினின்றும் விலகின. அந்த இழையும் அறுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் திகதி, 200க்குக் குறைந்த மாணவரையுடைய பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளே முதலில் திறக்கப்பட்டன.

அது பொருத்தமே. எழுதப் பழகும் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்க எந்தக் கருவிக்கும் கை இல்லை அல்லவா?