வண்டிச் சத்தமும் துப்புக் கூலியும்

எங்க ஊர்ப் பக்கம் வண்டிக்குக் குடுக்கிற கூலிக்கு 'சத்தம்'னு பேரு. "வண்டிச் சத்தம் எவ்வளவு?"ன்னு ஒருத்தர் கேட்டா, ஹாரன் எவ்வளவு சத்தமா அடிக்கும்னு கேட்கிறார்னு அர்த்தம் இல்லை :-) சங்கரன்கோவில்னு சொன்னதும் ஆடித் தபசு, புற்று மண், பிரியாணி மூணும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நாலாவதா விசைத்தறி இருக்கு. சேலை பேல் லாரி ஏறும்போது "பெய்டா, டூ பேயா?"ன்னு கேட்பாங்க. சத்தம் அனுப்புறவர் கட்டிட்டாரா, வாங்குறவர் கட்டணுமான்னு கேள்வி. பதிலை ரசீதுலயே எழுதிருவாங்க. அதனால வியாபாரிகளுக்குள்ள இதுல தகராறு கம்மி.

தகராறு எல்லாம் நம்மள மாதிரி வருஷம் ஒரு ஊர் மாறி ஆணி புடுங்குறவங்களுக்குத்தான். இந்தப் பதிவு, பேசின சத்தம் பாதி வழியில ஏறுற கதை. கொஞ்சம் பெரிய பதிவு. டீ வாங்கிட்டு வந்து உட்காருங்க.

கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் புனேயில இருந்து சென்னைக்கு வீடு மாத்தினார். போன்ல பேசினது 19,000 ரூபாய். அட்வான்ஸ் 5,000. சாமான் எல்லாம் ஏறி மூணாம் நாள் போன் வருது: "சார், சாமான் நாங்க நினைச்சதை விட ஜாஸ்தி. ஆக்ட்ராய் இருக்கு, செக்போஸ்ட் செலவு இருக்கு, ஜிஎஸ்டி தனி. மொத்தம் 34,000. போட்டு விட்டா நாளைக்கே வண்டி வந்துரும்." வண்டி எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்க. கம்பெனி பேர் இங்க வேண்டாம். மும்பை ஆக்ட்ராயே 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்த அன்னிக்கு ஒழிஞ்சு போச்சு. உபயோகிச்ச வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லும் தேவையில்லை. அப்புறம் எந்த செக்போஸ்ட், என்ன செலவு?

ஆனா ஃப்ரிட்ஜ், கட்டில், குழந்தையோட சைக்கிள் எல்லாம் அவங்க கையில. பொருள் யார் கையிலயோ, விலையும் அவங்க கையில. நண்பர் 34,000-ம் கட்டினார்.

இது இன்டர்நெட் காலத்து மோசடின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். தோண்டிப் பார்த்தா நம்ம மண்ணுல இதுக்கு ரொம்பப் பழைய பேர் ஒண்ணு இருக்கு.

துப்புக் கூலி

பாளையக்காரர் காலத்துல தெற்கத்திச் சீமையில காவல்னு ஒரு முறை. ஊருக்குக் காவல், பாதைக்குக் காவல்னு தனித்தனியா உண்டு. ஊர்க்காரங்களும் வியாபாரிகளும் காவல்காரருக்கு வரி மாதிரி ஒரு பங்கு குடுக்கணும். பதிலுக்கு, களவு போனா காவல்காரர் கண்டுபிடிச்சுத் தரணும், இல்லைன்னா ஈடு கட்டணும். கேட்க நல்ல ஏற்பாடுதான். இன்ஷூரன்ஸும் போலீஸும் சேர்ந்த மாதிரி.

1801-ல பாளையங்களை அடக்கினதோட கம்பெனி பாளையக்காரரோட காவல் உரிமையைப் பிடுங்கிருச்சு. ஆனா ஊர் அளவுல காவல் 20-ஆம் நூற்றாண்டு ஆரம்பம் வரை ஏதோ ஒரு ரூபத்துல ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. அதோட ஒட்டிக்கிட்டு வந்தது துப்புக் கூலி. மாடு காணாமப் போயிரும். ஒருத்தர் வந்து "துப்பு கிடைச்சிருக்கு"ம்பார். மாட்டு விலையில ஒரு பங்கைத் துப்புக் கூலியாக் குடுத்தா, மறுநாள் காலையில மாடு ஏதாவது ஒரு தோட்டத்துல கட்டிக் கிடக்கும். திருடினது யாருன்னு கேட்கக் கூடாது, போலீஸுக்கும் போகக் கூடாது. சொந்த மாட்டைக் காசு குடுத்து மீட்டுட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போகணும்.

இப்போ நண்பருக்கு வந்த போனைத் திரும்ப நினைச்சுப் பாருங்க. 'மாடு' இருக்கிற இடத்துல 'ஃப்ரிட்ஜ்'னு போட்டா போதும்.

பேட்டையும் மகமையும்

வழியில சரக்கு மாட்டிக்கிறதுக்கு வியாபாரிகள் அந்தக் காலத்துலயே ஒரு பதில் கண்டுபிடிச்சாங்க. திருநெல்வேலிப் பனங்காட்டுல இருந்து வடக்கே வியாபாரத்துக்குப் போன நாடார்கள் சிவகாசி, விருதுப்பட்டி (இன்னிக்கு விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டைன்னு ஆறு ஊர்ல காலூன்றினாங்க. வழி நெடுக கொள்ளை பயம். அதனால பேட்டைன்னு சுத்துச்சுவர் வச்ச இடங்களைக் கட்டினாங்க. ராத்திரி வண்டி, மாடு, மூட்டை எல்லாம் உள்ள போயிரும். இதுக்கான செலவு மகமைங்கிற பொது நிதியில இருந்து. வியாபாரத்துக்கு வர்ற சரக்குக்கு இவ்வளவுன்னு எல்லாரும் குடுக்கணும். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல நாடார்களைப் பத்தி எழுதின புத்தகத்துல இதை விவரமாப் படிக்கலாம்.

சரக்கு வச்சிருக்கிறவனை ஒத்தை ஆளா நின்னு ஜெயிக்க முடியாது, பத்துப் பேர் சேர்ந்தா முடியும். பேட்டையோட கணக்கு அவ்வளவுதான். அந்த மகமைப் பணம் பின்னால பள்ளிக்கூடமாவும் மாறிச்சு. காமராஜர் படிச்ச விருதுநகர் சத்திரிய வித்யாசாலா அப்படி வந்ததுதான்.

ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை வீடு மாத்துற நமக்கு ஏது பேட்டை? நமக்கு இருக்கிறது சட்டம் மட்டும்தான். அந்தக் கதை லண்டன்ல ஆரம்பிக்குது.

பிராந்திப் பீப்பாய்

1703-ல காக்ஸ் - பெர்னார்ட்னு ஒரு வழக்கு. லண்டன்ல ஒரு நிலவறையில இருந்து இன்னொரு நிலவறைக்குப் பிராந்திப் பீப்பாய்களை மாத்தும்போது ஒண்ணு உடைஞ்சு பிராந்தி கொட்டிருச்சு. ஒரு வகையில இதுவும் ஷிஃப்டிங் கேஸ்தான் :-) அதுல நீதிபதி ஹோல்ட், அடுத்தவன் பொருளைக் கையில வாங்கினவனுக்கு என்ன பொறுப்புன்னு வகை பிரிச்சுச் சொன்னார். கூலிக்கு ஊரார் சரக்கை ஏத்துறவனுக்கு இருக்கிறதுலயே கடுமையான பொறுப்பு. கடவுள் செயலும் ராஜாவோட எதிரிப் படையும் தவிர வேற சாக்கு சொல்லக் கூடாது. காரணம்? இல்லாட்டி வண்டிக்காரன் திருடனோட கூட்டுச் சேர்ந்துக்குவான், சரக்கு குடுத்தவனால அதை நிரூபிக்கவே முடியாது.

இந்த யோசனைதான் கேரியர்ஸ் ஆக்ட் 1865-ங்கிற பேர்ல இந்தியாவுக்கு வந்தது. மாட்டு வண்டிக்காரரும் படகுக்காரரும் அதுல அடக்கம். சரக்கு தொலைஞ்சாலோ உடைஞ்சாலோ, வண்டிக்காரர் கவனக்குறைவா இருந்தார்னு நாம நிரூபிக்க வேண்டாம். கடிகாரம், கண்ணாடி, பீங்கான், பட்டு மாதிரி சாமான் 100 ரூபாய்க்கு மேல இருந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லணும்.

நல்ல சட்டம். ஆனா ஒண்ணு கவனிங்க. இது முழுக்க சரக்கு தொலையறதைப் பத்தியும் உடையறதைப் பத்தியும்தான் கவலைப்படுது. சரக்கைப் பத்திரமா வச்சுக்கிட்டு "கூடக் குடுத்தாத்தான் தருவேன்"னு சொல்றவனுக்கு இதுல பதில் இல்லை.

பதில் அடுத்த சட்டத்துல இருந்தது.

1872-ல எழுதி வச்ச நம்ம கேஸ்

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. வெள்ளைக்காரன் எழுதின சட்டங்கள்ல எனக்குப் பிடிச்ச விஷயம், விதிக்குக் கீழயே சின்னச் சின்ன உதாரணக் கதை இருக்கும். நம்ம பாஷையில சொன்னா டெஸ்ட் கேஸ். 15-ஆம் பிரிவு, ஒருத்தரை ஒப்புக்க வைக்கிறதுக்காக அவர் பொருளைச் சட்டவிரோதமாப் பிடிச்சு வைக்கிறதும், பிடிச்சு வைப்பேன்னு மிரட்டுறதும் வற்புறுத்தல்னு சொல்லுது. 72-ஆம் பிரிவு, வற்புறுத்தி வாங்கின பணத்தைத் திருப்பிக் குடுக்கணும்னு சொல்லுது.

அந்த 72-க்குக் கீழ இருக்கிற உதாரணம் என்ன தெரியுமா? ஒரு ரயில்வே கம்பெனி, நியாயமில்லாத கட்டணத்தைக் கட்டினாத்தான் சரக்கை விடுவோம்னு சொல்லுது. சரக்குக்காரர் வேற வழியில்லாம கட்டிட்டு எடுத்துட்டுப் போறார். கூடுதலா வாங்கினதை அவர் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

நண்பரோட கதை அப்படியே! 150 வருஷத்துக்கு முன்னாலயே எழுதி வச்சிட்டாங்க. "அதான் நீங்களே பணம் போட்டீங்களே"ன்னு கம்பெனிக்காரர் சொல்றது வாதமே இல்லை. கட்டினதால உரிமை போகாது.

ரயில்ல இந்தத் தகராறு குறைஞ்சதுக்கு இன்னொரு காரணம், அச்சடிச்ச கட்டணப் பட்டியல். விருதுநகர் - தென்காசி பாதை 1927-ல வந்ததும் எங்க ஊருக்கும் ஸ்டேஷன் வந்தது. எடைக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. பட்டியலே நியாயம் இல்லைன்னு தோணினா போய்க் கேட்க ரயில்வே கட்டணத் தீர்ப்பாயம்னு ஒண்ணு 1949-ல இருந்து சென்னையிலயே இருந்தது. 2017-ல அதை ரயில்வே கிளெயிம்ஸ் தீர்ப்பாயத்தோட சேர்த்துட்டாங்க.

லாரி வந்த பிறகு

சரக்கு ரயில்ல இருந்து லாரிக்கு மாறினப்போ பட்டியல் கூட வரலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 67-ஆம் பிரிவு, கட்டணம் நிர்ணயிக்கிற அதிகாரத்தை மாநில அரசுக்குக் குடுக்குது. சரக்கு வண்டியும் அதுல உண்டு. 2013-ல தமிழ்நாட்டுல ஆட்டோவுக்கு 1.8 கிலோமீட்டர் வரை 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய்னு அறிவிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? வீட்டுச் சாமான் லாரிக்கு அப்படி ஒரு மீட்டரை நான் பார்த்ததில்லை.

1865 சட்டத்துக்குப் பதிலா வந்தது, சாலைவழிச் சரக்குச் சட்டம், 2007. அமலுக்கு வந்தது 2011 மார்ச் 1. காமன் கேரியர்னா பதிவு செஞ்சிருக்கணும், சரக்கு வாங்கினதுக்கு ரசீது தரணும். நஷ்ட ஈடு கேட்கிறதா இருந்தா புக் பண்ணின நாள்ல இருந்து 180 நாளுக்குள்ள எழுத்து மூலமா நோட்டீஸ் குடுக்கணும். மதிப்பை எழுதிக் குடுத்துக் கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டலைன்னா, ஈடு சத்தத்துல பத்து மடங்கோட நின்னுரும். 19,000 சத்தம்னா 1,90,000 தான் உச்சவரம்பு.

அதே சட்டத்துல 15-ஆம் பிரிவு கேரியருக்கும் ஒரு ஆயுதம் குடுக்குது. வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, கட்ட வேண்டிய சத்தத்தைக் கட்டலைன்னா சரக்கைப் பிடிச்சு வைக்கலாம். நியாயம்தான், டீசல் போட்டு வந்தவருக்குக் கூலி வேணும். ஆனா மொத்தச் சண்டையும் 'கட்ட வேண்டிய'ங்கிற ஒரே வார்த்தையில நிக்குது. ரசீதுல 19,000-னு இருந்தா கட்ட வேண்டியது அதுதான். ரசீதே இல்லைன்னா? போன்ல பேசின 19,000-க்கு யார் சாட்சி?

இதுல லாரி டிரைவரை மட்டும் வில்லன் ஆக்கிராதீங்க. போன்ல விலை சொன்னவர்கிட்ட பல நேரம் லாரியே இருக்காது. சாமானை வேற யாரோட லாரியிலயோ ஏத்தி விட்டுட்டு, டிரைவருக்குச் சேர வேண்டியதைக் குடுக்காம இருப்பார். டிரைவர் நம்ம வீட்டு வாசல்ல வந்து தன் சத்தத்தைக் கேட்கிறார். ரெண்டு பேரும் ஏமாந்தவங்க. நடுவுல இருக்கிறவர் போன் மட்டும் ஸ்விட்ச் ஆஃப்.

பேரும் பிரச்சினைதான். அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நடத்துற டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ், எங்க பேரைத் தேடினா வேற கம்பெனிகளோட விளம்பரம் வருதுன்னு கூகுள் மேல டெல்லி உயர் நீதிமன்றத்துல வழக்கு போட்டது. 2021-ல ஒரு தீர்ப்பு, 2023 ஆகஸ்ட்ல அப்பீல் தீர்ப்பு. அடுத்தவர் பேரை விளம்பரச் சொல்லா வாங்குறது மட்டுமே குற்றம் இல்லை, ஆனா ஜனங்களைக் குழப்பினா வர்த்தகச் சின்ன மீறல்தான், அப்போ நான் வெறும் இடைத்தரகர்னு கூகுள் ஒதுங்கிக்க முடியாதுன்னு சொன்னாங்க. தேடினா முதல்ல வர்ற பேரை நம்பி போன் பண்ற கூட்டம், அதாங்க நாமதான், யோசிக்க வேண்டிய விஷயம்.

அமெரிக்காவுல எப்படி? பேசினது உத்தேச விலைன்னா, அதுல 110 சதவீதம் கட்டினதும் சாமானை இறக்கியே ஆகணும். மிச்சம் இருந்தா 30 நாள் கழிச்சுத்தான் பில் அனுப்பலாம். பிடிச்சு வச்சா, 2005 சட்டப்படி அபராதம் குறைஞ்சது 10,000 டாலர், ஒவ்வொரு நாளும் தனிக் குற்றம். விலையைப் பத்திப் பொருள் கை மாறின பிறகு சண்டை போட்டுக்கோ, பொருளை முதல்ல குடுங்கிற எளிமையான யோசனை. நம்ம சட்டத்துல இல்லாதது இந்த ஒரு வரிதான்.

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறது இவ்வளவு:

ஏத்துறதுக்கு முன்னால எல்.ஆர். ரசீது வாங்குங்க. மொத்தச் சத்தம், வரி உட்பட, எண்ணிக்கையோட சாமான் பட்டியல், லாரி நம்பர் நாலும் அதுல இருக்கணும். காமன் கேரியர் பதிவு எண் கேளுங்க.

இன்ஷூரன்ஸுக்குன்னு காசு வாங்கினா இன்ஷூரன்ஸ் கம்பெனி குடுத்த பாலிசியைக் கேளுங்க. மூவர்ஸ் கம்பெனி லெட்டர்பேட்ல எழுதித் தர்றது பாலிசி இல்லை.

சாமானைப் பிடிச்சு வச்சா போலீஸுக்குப் போகலாம். சரக்கு ஏத்துறவர் செய்ற நம்பிக்கை மோசடிக்கு 1860-ல இருந்தே தனிப் பிரிவு உண்டு. அப்போ இபிகோ 407, 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 316(3). ஏழு வருஷம் வரை தண்டனை.

வேற வழியில்லாமக் கட்டினா, "மறுப்புடன் கட்டுகிறேன்"னு ஒரு மெசேஜ் அனுப்பிட்டுக் கட்டுங்க. 72-ஆம் பிரிவு கேஸுக்கு அது சாட்சி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வந்த பிறகு நாம குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம், புனேக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. முதல்ல 1915-க்குப் போன் பண்ணியும் பார்க்கலாம்.

நண்பர்கிட்ட போன் பேச்சைத் தவிர எதுவும் இல்லை, ஆனா அனுப்பின வாட்ஸப் மெசேஜ் எல்லாம் இருக்கு. அதுல 19,000-ங்கிற நம்பரும் இருக்கு. மூணு பக்க நோட்டீஸ் அனுப்பியிருக்கார். பதில் வந்ததும் தனிப் பதிவா எழுதுறேன்.

உங்க ஊர்ல வண்டிக் கூலிக்கு என்ன பேரு? துப்புக் கூலி மாதிரி கதைகளைத் தாத்தா பாட்டிகிட்ட கேட்டிருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே. கம்பெனி பேரை மட்டும் போட வேண்டாம், ப்ளீஸ்.